ஊருக்குப் போன இடத்தில் வாள்வெட்டைக் கண்ணால் கண்டால்: சாட்சி சொல்லலாமா, சொல்லாமல் விமானம் ஏறலாமா?

பனங்கூடல் (ரொறன்ரோ)

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இந்த விஷயத்தில் மற்றவர்களின் கருத்தும், சட்டம் தெரிந்தவர்களின் உதவியும் வேண்டும்.

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குக் குடும்பமாக யாழ்ப்பாணம் போயிருந்தோம். வலிகாமத்தில் ஒரு சந்தி. வழக்கு நடப்பதால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. பொழுதுபட்டு லைட் போடுகிற நேரம். இவர் பாண் வாங்கக் கடைக்குள் போய்விட்டார். நானும் மகனும் வானுக்குள் இருந்தோம். எதிரே ஒரு ஃபோன் கடை வாசலில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஃபோனில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றான்.

இலக்கத்தகடு கழற்றிய இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பேர் வந்தார்கள். எல்லாரும் கறுப்புத் துணியால் முகத்தைக் கட்டியிருந்தார்கள். ஒருவன் வாளைத் தார் றோட்டில் உரசிக்கொண்டே வந்தான். அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஃபோன் கதைத்த கையையே பொடியன் தூக்கினான், முதல் வெட்டு அதிலேயே விழுந்தது. வெட்டியவன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏசவும் இல்லை. பின்னால் இருந்தவன்தான் சாதாரணமாக, "காணும், வா" என்று கூப்பிட்டான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர்கள் போவதற்கு முதலே கடைகளின் ஷட்டர்கள் இறங்கிவிட்டன. பழம் விற்கிற ஒரு ஆச்சி மட்டும் தன்னுடைய சீலைத் துண்டைக் கொண்டு ஓடி வந்தா. பிறகு ஒரு ஒட்டோக்காரர் பொடியனை ஏற்றிக்கொண்டு போனார். பொலிஸ் வந்து சேருவதற்குள் கடைக்காரர் வாளியால் தண்ணி ஊற்றி றோட்டைக் கழுவிவிட்டார். "சனம் வழுக்கி விழும் பிள்ளை" என்றார். விசாரிக்க வந்தவர்களிடம் அந்தச் சந்தியில் நின்ற ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை நானும் இவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அங்கே இருந்த பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார். முடிந்ததும் பேப்பரைத் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார். வாசிக்கத் தெரியாத ஒன்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் மத்தியானம்தான் வருவார் என்றார்கள். இருந்து, அவர் வந்த பிறகு தமிழில் எழுதுவித்துக் கையெழுத்து வைத்தோம்.

அன்று பின்னேரம் தொடக்கம் சித்தப்பா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "நீங்கள் போயிடுவியள், நாங்கள் எங்கை போறது?" என்று சித்தி மட்டும் கேட்டா. பொடியன் உயிர் தப்பிவிட்டான். வலக்கையில் இரண்டு விரல் இல்லை. வெட்டியது யார் என்று தெரியாது என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறானாம்.

இப்போது நீதிமன்ற அழைப்பாணை சித்தப்பா வீட்டு விலாசத்துக்கு என் பெயரில் வந்திருக்கிறது. அங்கே ஒரே கலவரம்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைக்காரர் பேசமாட்டார், பேசச் சொல்லிக் கேட்கவும் எனக்கு மனம் வராது. அவர் விடிந்தால் அதே கடையைத் திறக்க வேண்டும். என் கையில் திரும்பி வரும் டிக்கெட் இருந்தது. எங்களைப் போன்றவர்கள்தான் முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ரொறன்ரோவில் இருந்தபடியே சாட்சி சொல்ல வழி உண்டா? சித்தப்பா குடும்பத்துக்குப் பாதகம் வராமல் இதை எப்படிச் செய்வது?

---

கடலோரன் (யாழ்ப்பாணம்)

அக்கா, உங்கட துணிவை மதிக்கிறன். ஆனா இஞ்ச இருக்கிற ஒருத்தன் எண்ட முறையில கொஞ்சம் கடுமையாத்தான் எழுதப் போறன், குறை நினைக்காதேங்கோ.

இந்த வாள்வெட்டுக் குழுக்காரர் ஆளைத் தேடி வெட்டுறது ஒரு பக்கம். மற்றப் பக்கம் வீட்டுக்கு வாறது. ராத்திரி வருவாங்கள். கேற்றை வெட்டுவாங்கள், யன்னல் கண்ணாடியை அடிச்சு நொருக்குவாங்கள், முத்தத்தில நிக்கிற மோட்டார் சைக்கிளையோ ஒட்டோவையோ கொழுத்திப்போட்டுப் போவாங்கள். கனக்க வீடுகளில ஆளுக்குக் காயமே இருக்காது. ஆனா அந்த வீட்டில பிறகு ஒருத்தரும் நித்திரை கொள்ளுறேல்லை. எங்கட ஒழுங்கைக்குள்ள ஒரு வீட்டில இது நடந்தது. வீட்டுக்காரர் வழக்கே வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திட்டார்.

சந்தேகநபரைப் பிடிச்சாலும் கொஞ்ச நாளில பிணையில வந்திடுவான். வந்து அதே சந்தியில நிப்பான். சாட்சி சொன்னவரின்ர பெயர் வழக்கேட்டில இருக்கும்.

பொலிசிட்டச் சொல்லுறதுக்கே சனம் ஏன் தயங்குது எண்டும் விளங்கிக்கொள்ளுங்கோ. 2016 ஒக்ரோபரில கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில பொலிஸ் சுட்டதில பல்கலைக்கழகப் பொடியள் ரெண்டு பேரின்ர உயிர் போச்சு. முதலில விபத்து எண்டுதான் சொன்னவை. 2023 நவம்பரில வட்டுக்கோட்டைப் பொலிஸ் பிடிச்ச ஒரு இளைஞன் உயிரோட திரும்பேல்லை. இதெல்லாம் இஞ்ச ஒருத்தருக்கும் மறக்கேல்லை.

நீங்கள் குடுத்த வாக்குமூலத்துக்கு ரொறன்ரோவில உங்கட வீட்டுக் கண்ணாடி உடையாது. உடைஞ்சா சித்தப்பான்ர கண்ணாடிதான் உடையும். அவரிட்டக் கேட்டிட்டுத்தான் போயிருக்க வேணும் எண்டு நான் நினைக்கிறன்.

---

குளிர்நாடு (ஒஸ்லோ)

கடலோரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சித்தப்பாவிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அந்தச் சந்தியில் நின்ற எல்லாருக்கும் ஒரு சித்தப்பா இருக்கிறார். அப்படியே போனால் யார்தான் பேசுவது?

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். இந்த வெட்டுகளில் சிலவற்றுக்கு வெளிநாட்டிலிருந்து காசு போகிறது என்று பொலிஸார் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். காணிப் பிரச்சினை, கலியாணத் தகராறு, கொடுத்த கடன் திரும்பி வராதது என்று லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டு ஊரில் கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள். என் சொந்தத்திலேயே ஒருவர், காணி வழக்கு இழுபடுகிறது என்று, "ரெண்டு பொடியளை அனுப்பினால் அலுவல் முடியும்" என்று ஒரு கலியாண வீட்டில் வைத்துச் சொன்னார். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எழும்பிப் போய்விட்டேன். அவரோடு இன்றுவரை கதை இல்லை.

வாளுக்குக் காசு வெளிநாட்டிலிருந்து போக முடியுமென்றால் சாட்சியும் வெளிநாட்டிலிருந்து போகத்தான் வேண்டும். பனங்கூடல் அக்கா, பின்வாங்காதீர்கள்.

---

வழக்கேடு (வவுனியா)

நான் சட்டத்தரணி, வடக்கில் குற்றவியல் வழக்குகளில் தோன்றுகிறேன். பொதுவான தகவலாக எழுதுகிறேன். உங்கள் வழக்குக்கு நீங்கள் தனியாக ஒரு சட்டத்தரணியை அமர்த்த வேண்டும்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்: வெளிநாட்டிலிருந்து சாட்சியம் அளிக்கச் சட்டத்தில் வழி உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015இல் வந்தது, அந்த ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். வேறோர் இடத்தில் இருந்துகொண்டு ஒலி, ஒளி இணைப்பு மூலம் சாட்சியம் சொல்லும் முறையை அது கொண்டுவந்தது. வெளிநாட்டில் உள்ள இலங்கைத் தூதரகம் ஒன்றில் இருந்து சொல்வதற்கு 2017இல் திருத்தம் செய்து இடம் கொடுத்தார்கள். பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், அதிலும் இந்த வழி உண்டு. ஆனால் இது தானாகக் கிடைக்கிற ஒன்றல்ல. விண்ணப்பித்து, காரணம் காட்டி, நீதிமன்றம் திருப்திப்பட்ட பிறகே அனுமதி கிடைக்கும்.

சாட்சியை மிரட்டுவது, தாக்குவது, அவருடைய சொத்துக்குச் சேதம் செய்வது எல்லாம் இந்தச் சட்டத்தில் தனிக் குற்றங்கள். பிணை இலகுவில் கிடைக்காத குற்றங்கள். சாட்சிகளின் பாதுகாப்புக்கென்று தேசிய அதிகாரசபை ஒன்றும், பொலிஸ் திணைக்களத்தில் தனிப் பிரிவு ஒன்றும் இருக்கின்றன. கடலோரன் இதைப் படித்துவிட்டு, "கடதாசியில் எல்லாம் இருக்கும்" என்பார். அதையும் நான் மறுக்கவில்லை. கொழும்பில் இருக்கும் பாதுகாப்பு, ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஒழுங்கைக்குள் வந்து சேருவது வேறு விஷயம். ஆனால் கேட்காதவருக்கு அதுவும் இல்லை. மிரட்டல் வந்தால் அன்றே முறைப்பாடு செய்து, அதன் பிரதியை வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், சந்தேகநபரின் பிணையை இரத்துச் செய்யும்படி கேட்கலாம். இதை நான் செய்திருக்கிறேன், நடந்திருக்கிறது.

வாக்குமூலம் பற்றி: நீங்கள் கையெழுத்து வைக்க மறுத்தது சரியான காரியம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவைப் பாருங்கள். எழுதியதைச் சொன்னவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக் காட்ட வேண்டும். மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் கூட்டிச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், நீதிமன்ற மொழியும் தமிழ். இதைக் கேட்டு வாங்குவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் "நாலு பேர்" என்பது "சிலர்" ஆகியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார்.

உங்கள் சாட்சியத்தின் பெறுமதி என்ன என்று யோசிப்பீர்கள். முகம் கட்டியிருந்தார்கள், நீங்கள் யாரையும் அடையாளம் காட்ட முடியாது. பரவாயில்லை. எத்தனை பேர், எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், ஆயுதம் எப்படிப்பட்டது, யார் வெட்டினார், யார் கூப்பிட்டார், எந்தப் பக்கம் போனார்கள், இவ்வளவும் பெறுமதியானவை. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையோடும், ஏதாவது கடையின் கமராப் பதிவோடும், தொலைபேசி விபரங்களோடும் சேரும்போது அது வழக்கைத் தூக்கி நிறுத்தும். "காணும், வா" என்று ஒருவன் கூப்பிட்டதைச் சொன்னீர்களே, அது சாதாரண வசனம் இல்லை. வந்தவர்கள் ஒரே நோக்கத்தோடு வந்தார்கள் என்பதற்கு அது சான்று. தண்டனைச் சட்டக்கோவையின் 300ஆம் பிரிவில் கொலை முயற்சி என்று குற்றம் சாட்டுவதற்கும், வெறும் கடுங்காயம் என்று விட்டுவிடுவதற்கும் இடையில் இப்படியான ஒரு வசனம் நிற்கக்கூடும்.

---

இளவல் (பாரிஸ்)

ஒரே ஒரு விஷயம். இப்படி நடந்தால் உடனே வீடியோ எடுத்து வட்ஸ்அப்பிலும் ரிக்ரொக்கிலும் போடுகிறார்கள். போன வருஷம் எங்கள் ஊர்க் குழுவில் வெட்டு வாங்கிக் கிடந்த ஒருவரின் படத்தைப் போட்டார்கள். அவருடைய தங்கை இங்கே பாரிஸில் வேலைக்குப் போகும் மெட்ரோவில் வைத்து அதைப் பார்த்தா. வீட்டுக்காரர் சொல்வதற்கு முதலே படம் வந்துவிட்டது. தயவு செய்து யாரும் இதைப் பகிராதீர்கள். எடுத்தால் பொலிசுக்கோ சட்டத்தரணிக்கோ கொடுங்கள். வெட்டினவர்களுக்கு அந்த வீடியோதான் விளம்பரம்.

---

வழக்கேடு (வவுனியா)

இளவல் சொன்னது சட்டப்படியும் சரி. பரவவிட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவர் அடையாளம் காட்டினால், "வீடியோவில் பார்த்ததைச் சொல்கிறார், நேரில் பார்த்ததை அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதிடும். நீதவான் முன்னிலையில் நடக்கும் அடையாள அணிவகுப்பே அதனால் பாழாகலாம்.

---

பழைய ஸ்காபரோ (ரொறன்ரோ)

தங்கச்சி, நான் உங்களை விட மூத்தவன். இங்கே 90களின் நடுவிலிருந்து 2001 வரைக்கும் நாங்கள் பட்டதைச் சொன்னால்தான் இந்தப் பிரச்சினை ஊருக்கு மட்டும் உரியதல்ல என்பது விளங்கும்.

ஸ்காபரோவில் தமிழ்ப் பொடியள் இரண்டு குழுவாகப் பிரிந்து நின்ற காலம். வாளும் வந்தது, பிறகு துவக்கும் வந்தது. டோனட் கடை வாசலில் சூடு, கலியாண மண்டப வாசலில் வெட்டு. குழுக்களோடு ஒரு சம்பந்தமும் இல்லாத மாணவர்கள்கூட ஆள் மாறிச் செத்தார்கள். அப்போதும் ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. உணவகத்துக்குள் இருபது பேர் இருந்த இடத்தில் நடந்த சண்டைக்கு ஒரு சாட்சி இல்லை. இருபது பேரும் கழிவறைக்குள் இருந்ததாகச் சொன்னார்களாம். பயம் மட்டும் காரணம் இல்லை. பொலிசுக்குச் சொல்வது என்றால் காட்டிக்கொடுப்பது என்று ஒரு எண்ணம் எங்களோடு விமானம் ஏறி வந்திருந்தது. இயக்கங்களும் ஆமியும் மாறி மாறி ஆள் கேட்ட காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, காக்கிச்சட்டைக்காரனிடம் ஒரு பெயரைச் சொல்வது இலேசான காரியமா?

2001 ஒக்ரோபரில் பொலிஸார் 'புரொஜெக்ட் 1050' என்ற நடவடிக்கையில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களை ஒரேயடியாகப் பிடித்தார்கள். பலருக்கு நாடுகடத்தல் வழக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அடங்கியது. ஆனால் பொலிசால் மட்டும் அடங்கியது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு முந்தின வருஷங்களில் தாய்மார் பேசத் தொடங்கியிருந்தார்கள். இங்கே தமிழ் இளைஞர் அபிவிருத்தி நிலையத்தைத் தொடங்கியவர்கள் பெரிய மனிதர்கள் இல்லை, அந்த வயதுப் பிள்ளைகளே. கூட்டாளியைப் பறிகொடுத்தவர்கள்.

ஒரு தாய் முன்வந்து பேசியதை என் கண்ணால் பார்த்தேன். கோவில் மண்டபத்தில், சனத்துக்கு முன்னால், "என்ர பிள்ளையும் அதுக்குள்ள நிக்கிறான், அவனைப் பிடியுங்கோ, உயிரோட பிடியுங்கோ" என்று சொன்னா. அப்படிக் கேட்க எவ்வளவு மனம் வேண்டும்!

---

கடலோரன் (யாழ்ப்பாணம்)

அண்ணை, நீங்கள் சொன்ன இடத்தில பொலிஸ் உங்களுக்குப் பிடிக்காட்டியும் அது வேலை செய்தது. இஞ்ச அது தான் கேள்வியே.

ஆனாலும் ஒண்டை ஒத்துக்கொள்ளுறன். வழக்கு நடந்து முடிஞ்சா சனத்தின்ர நம்பிக்கை மாறுது. 2015 மே மாதம் புங்குடுதீவில பள்ளிக்கூடம் போன பிள்ளையைக் கொன்றபோது ஊர்ச் சனமே பிடிச்சுக் குடுத்த 'சுவிஸ்குமார்' எண்ட முக்கிய சந்தேகநபர் தப்பிக் கொழும்புக்குப் போயிட்டான். எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சம். பிறகு வெள்ளவத்தையில பிடிபட்டான். யாழ்ப்பாணத்திலயே மூண்டு நீதிபதியள் இருந்து தமிழில விசாரிச்சு, 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்குத் தீர்ப்புச் சொன்னவை. கோட்டு வாசலில சனம் காலமையில இருந்து நிண்டது. நானும் நிண்டனான். சாட்சி சொல்ல ஆள் வந்தபடியாத்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. அது பொய்யில்லை.

அந்த வருஷம் யூலையில நல்லூர்க் கோயிலுக்குப் பக்கத்தில, அந்த மூண்டு நீதிபதியளில ஒராளான இளஞ்செழியன் ஐயாவின்ர வாகனத்துக்குப் பக்கத்தில சூடு. அவரின்ர மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் ஹேமச்சந்திர செத்துப்போனார். சிலாபத்துச் சிங்கள மனிசன், கனகாலம் ஐயாவோட நிண்டவர். செத்தவரின்ர மனுசியின்ர காலில விழுந்து நீதிபதி அழுததை ரீவியில பாத்திட்டு எங்கட வீட்டிலயும் எல்லாரும் அழுதவை. தமிழ்ப் பிள்ளைக்காக நடக்கிற வழக்கை விசாரிச்ச நீதிபதியைக் காத்தது அந்த மனிசன். அதை நான் எப்பவும் சொல்லுவன்.

எண்டாலும் அக்கா, நீதிபதிக்கே அந்த நிலை எண்டா கடைக்காரனுக்கு என்ன காவல்? என்ர கேள்வி அப்பிடியே இருக்கு.

---

ஆறாம் வார்ட் (லண்டன்)

நான் தாதி, அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. யாழ் போதனா வைத்தியசாலையில்தான் பயிற்சி எடுத்தேன். சட்டம் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆச்சி சீலைத் துண்டோடு ஓடி வந்ததைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பொடியன் உயிரோடு இருப்பதற்கு அநேகமாக அந்தத் துண்டுதான் காரணம்.

வாள்வெட்டில் வருகிறவர்களில் பலருக்குக் காயம் முன்னங்கையிலும் விரல்களிலும் இருக்கும். தலையைக் காக்கக் கையைத் தூக்குவார்கள், வெட்டு கையில் விழும். இரத்தம் போய்த்தான் சாகிறார்கள், அதுவும் சில நிமிடங்களில். அதனால் வெட்டியவர்கள் போய்விட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு (அதற்கு முன் வாகனத்தை விட்டு இறங்கவே வேண்டாம்) கையில் கிடைத்த சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து முழுப் பலத்தோடு அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கை, காலில் அழுத்தியும் நிற்காமல் பாய்ந்தால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டில் படாமல், அகலமான துணியால் கட்டி, ஒரு தடியைச் செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். வைத்தியசாலை போகும்வரை அவிழ்க்க வேண்டாம். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் ஒன்றும் போடக்கூடாது. கோப்பித்தூள் அப்பிய காயத்தைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணித்தியாலம் போகும்.

துண்டான விரலைத் தேடி எடுங்கள். ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேரே படக்கூடாது. கடைக்காரர் கழுவிய அந்தத் தண்ணியோடு என்ன போனதோ என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவரைக் குறை சொல்லவில்லை, யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காசு இல்லை, தமிழில் கதைக்கலாம். வடக்குக்கு 2018 யூலையில் வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் பொலிசின் 119ஐயும் இதையும் ஃபோனில் பதிந்து வையுங்கள்.

அக்கா, மகனைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எப்படி இருக்கிறார்?

---

பனங்கூடல் (ரொறன்ரோ)

கேட்டதற்கு நன்றி தங்கச்சி. அவனுக்குப் பதினொரு வயது. வந்த புதிதில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நின்றுவிடுவான். பாண் சாப்பிடமாட்டான், ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒருநாள் காரில் வைத்து, "அந்த அண்ணாவுக்கு எந்தக் கை?" என்று கேட்டான். வலக்கை என்றேன். "அப்ப இடக்கையால எழுதப் பழகலாம்" என்றான். அதன் பிறகு கொஞ்சம் தெளிவாக இருக்கிறான்.

கடலோரன் தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. சித்தியும் அதையேதான் சொன்னா. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். என் பிள்ளை வானுக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். நான் பொலிசுக்குப் போகாமல் விமானம் ஏறியிருந்தால், அம்மாவின் ஊரில் ஆளை வெட்டினால் பார்த்தவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போவார்கள் என்பதைத்தான் அவன் அங்கே படித்துக்கொண்டு வந்திருப்பான். ஊரைப் பற்றி அவனிடம் நான் எத்தனை வருஷமாக எத்தனை கதை சொல்லியிருப்பேன்! அதற்கெல்லாம் பிறகு அவன் ஊரிலிருந்து அதைக் கொண்டுவருவதற்கு நான் விடமாட்டேன்.

சித்தப்பா குடும்பத்தை ஆபத்தில் தள்ளவும் மாட்டேன். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி. வழக்கேடு ஐயா, விலாசத்தை மாற்ற முடியுமா?

---

குளிர்நாடு (ஒஸ்லோ)

இடையில் ஒன்று: கனடா தூதரகத்திடம் கேட்டுப் பார்த்தீர்களா? எங்கள் நோர்வேக்காரர்கள் சட்டத்தரணிகளின் பட்டியல் தருவார்கள், வழக்கில் தலையிட மாட்டார்கள்.

---

பனங்கூடல் (ரொறன்ரோ)

அதே பதில்தான் இங்கேயும்.

---

வழக்கேடு (வவுனியா)

விலாசத்தை மாற்றலாம், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

உங்கள் சார்பில் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணி நீதிமன்றத்தில் தோன்றி, நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர், இனி அழைப்பாணைகளைத் தன் அலுவலக முகவரிக்கு அனுப்பலாம் என்று நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் எழுத்தில் கேட்கும் மனு) தாக்கல் செய்யட்டும். சித்தப்பாவுக்கும் இந்த வழக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அவர் அங்கே நிற்கவும் இல்லை என்பதும் பதிவில் வர வேண்டும். ஊரில் அது தெரிய வருவது நல்லது. சித்தப்பாவை எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்க விடாதீர்கள். இப்போது வந்திருக்கும் அழைப்பாணையைப் பேசாமல் விட்டுவிடவும் கூடாது. தவணைக்கு யாரும் தோன்றாவிட்டால் பிடியாணை வரக்கூடும், அதைக் கொண்டு பொலிஸ் போய் நிற்பது திரும்பவும் அதே வீட்டு வாசலில்தான்.

இரண்டாவது, கனடாவிலிருந்து சாட்சியம் சொல்ல அனுமதி கேட்கும் விண்ணப்பம். அதோடு ஒரு சத்தியக்கடதாசி வேண்டும். நீங்கள் யார், எங்கே வசிக்கிறீர்கள், ஏன் நேரில் வர முடியாது, வந்தால் என்ன ஆபத்து என்பதை எழுதுங்கள். ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் அதை எப்படி உறுதிப்படுத்துவது என்று முதலில் கேட்டு வையுங்கள். சம்பவத்தை அதில் விபரிக்க வேண்டாம். சம்பவம் வாக்குமூலத்தில் இருக்கிறது. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதினால் குறுக்கு விசாரணைக்கு வழி திறந்துவிடும்.

கணவரும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்றீர்கள். அவர் கடைக்குள் நின்றவர், அவர் பார்த்தது வேறு. இருவரும் இருந்து பேசி ஒரே கதையாக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்லட்டும். மகனை இதற்குள் கொண்டுவரத் தேவையில்லை. யாராவது கேட்டாலும் சட்டத்தரணி மூலம் மறுக்கலாம்.

உங்களுக்கு ஞாபகம் உள்ளதை இன்றைக்கே உங்கள் கையால், திகதி போட்டு, தனியாக ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். மேல் நீதிமன்றத்துக்கு வழக்குப் போகச் சட்டமா அதிபரின் குற்றப்பத்திரம் வர வேண்டும். அதற்கு வருஷங்கள் எடுக்கலாம். உங்கள் சாட்சியத்துக்கு எதிரி அந்தக் குழு மட்டும் இல்லை, இந்தக் காலதாமதமும்தான்.

கடலோரன் கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கடைக்காரருக்குக் காவல் போட என்னால் முடியாது. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் ஒரு சாட்சி உறுதியாக நின்றால், கடைக்காரரை அழைக்காமலே வழக்கை நடத்த அரச சட்டத்தரணிக்கு முடியும்.

---

கடலோரன் (யாழ்ப்பாணம்)

கடைசியாச் சொன்னதை நான் யோசிக்கேல்லை. அது சரி.

அக்கா, சித்தப்பாவோட நீங்கள் நேர கதையுங்கோ, வேற ஆளை விட்டுச் சொல்லுவிக்காதேங்கோ. விலாசம் மாறினதும் அந்தக் கோட்டுப் பதிவின்ர பிரதி ஒண்டை எடுத்து அவரின்ர கையில குடுக்கச் சொல்லுங்கோ. ஆரும் வந்து கேட்டா காட்டுறதுக்கு அவரிட்ட ஒரு கடதாசி இருக்க வேணும். கிராம சேவகரிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொல்லுங்கோ. வாசலில லைட் இல்லாட்டி ஒண்டு போடுவிச்சு விடுங்கோ, காசு நீங்கள் அனுப்புங்கோ.

யாழ்ப்பாணத்தில சட்டத்தரணி தேடுறதெண்டா எனக்குத் தனிமடல் போடுங்கோ. இந்த மாதிரி வழக்குக்குப் பயப்பிடாத ரெண்டு பேரைத் தெரியும், ஒராள் பொம்பிளை.

---

பனங்கூடல் (ரொறன்ரோ)

தனிமடல் போட்டிருக்கிறேன் தம்பி. அந்தப் பெண் சட்டத்தரணியின் இலக்கத்தைத் தாருங்கள். அடுத்த தவணைக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது.